மின்னணுக் காலத்தில் கணக்கும் தணிக்கையும்



விழாக் காலத்தில் கணக்கைப் பற்றிய பேச்சு பொருத்தமோ என்ற ஐயம் சிலர்க்கு எழலாம். தீபாவளித் திருநாளில் புதுக்கணக்கு எழுதுவதை வழிபாடாகவே கொண்ட சமுதாயத்தில் அந்த ஐயத்திற்கு இடமில்லை. சிவப்புத் துணி உறையிட்ட ஏட்டின் முதற்பக்கத்தில் மங்கலச் சொற்களை எழுதிக் குங்குமம் இட்டு வணங்கிய கைகளே இன்று மடிக்கணினிக்கும் குங்குமம் இடுகின்றன. ஏடு மாறிவிட்டது. ஏட்டோடு சேர்ந்து வேறு எவை மாறின, எவை மாறவில்லை என்பதை இந்தியாவின் அனுபவத்தைக் கொண்டும், வளரும் நாடுகள் சிலவற்றின் அனுபவத்தைக் கொண்டும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஏட்டின் காலம்

இரட்டைப் பதிவு முறையை 1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சான தமது கணித நூலில் விளக்கி எழுதியவர் லூக்கா பச்சோலி என்னும் துறவி. அந்நூல் வெளிவந்து ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அதன் அடிப்படை விதி அசையவில்லை. ஒவ்வொரு பற்றுக்கும் நிகரான வரவு உண்டு. இரண்டும் சமனாகாவிடில் எங்கோ பிழை உள்ளது. இந்நாட்டு வணிகரும் சிட்டை, குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்ற ஒழுங்கில் தத்தம் மரபுப்படி கணக்கை நடத்தி வந்தனர்.

அந்தப் பழைய ஏட்டுக்கு ஒரு தனிச்சிறப்பு இருந்தது. பக்கங்களுக்கு எண் இடப்பட்டிருக்கும். ஒரு தாளைக் கிழித்தால் தையல் காட்டிக் கொடுக்கும். தவறாக எழுதியதைச் சுரண்டி அழித்தால் தாளில் வடு நிற்கும். ஆதலின் நல்ல கணக்கப்பிள்ளை தவறான பதிவை அழிக்கமாட்டார். மேலே ஒரு கோடு இழுத்து, அருகில் திருத்தத்தை எழுதிச் சுருக்கொப்பம் இடுவார். தவறும் தெரியும், திருத்தமும் தெரியும், திருத்தியவர் யார் என்பதும் தெரியும். எவரும் சட்டம் இயற்றி இதைக் கட்டாயமாக்கவில்லை. தாளின் இயல்பே காவலாக நின்றது.

கணினி வந்தபின்

1986ஆம் ஆண்டில் பெங்களூருவில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனம் உருவாக்கியதே டேலி என்னும் கணக்கு மென்பொருள். கணக்கியலை முறையாகப் பயிலாத சிறு வணிகரும் தம் கடையின் இலாப நட்டத்தை அன்றன்றே காணும் நிலை அதனால் உண்டாயிற்று. ஆண்டு முடிந்து பல மாதங்கள் உழைத்துத் தயாரித்த இருப்பாய்வு, விசையைத் தட்டியதும் திரையில் தோன்றியது. கூட்டல் பிழையைத் தேடி இரவெல்லாம் விழித்திருந்த காலம் முடிந்தது.

இலாபத்தோடு ஓர் இழப்பும் சேர்ந்து வந்தது. கணினியில் அழித்த பதிவுக்கு வடு இல்லை. ஏப்ரலில் எழுதிய ஒரு பதிவை அடுத்த மார்ச்சில் திறந்து தொகையை மாற்றினால், அது ஏப்ரலிலேயே அவ்வாறு எழுதப்பட்டதுபோல் நிற்கும். பழைய ஏடு இயல்பாகவே தந்த பாதுகாப்பைப் புதிய கருவி சத்தமின்றி எடுத்துக்கொண்டது. தணிக்கைக்கு வரும் கணக்கு ஒழுங்காகவும் அழகாகவும் இருந்தது. அது எப்போது அழகாக்கப்பட்டது என்பதை அறியும் வழிதான் இல்லாமற்போயிற்று.

இந்த ஆபத்தின் முழு உருவத்தை நாடு கண்டது 2009ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாளில். சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு தமது இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டப்பட்ட ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பின்னர் நடந்த புலனாய்வில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட போலி விலைப்பட்டியல்கள் நிறுவனத்தின் கணினி அமைப்புக்குள்ளேயே உருவாக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. சிறப்பு அதிகாரம் பெற்ற ஒரு கடவுச்சொல்லைக் கொண்டு அவற்றை மற்ற ஊழியர் கண்ணில் படாமல் மறைத்திருந்தனர். வங்கிகளின் இருப்பு உறுதிக் கடிதங்களைத் தணிக்கையாளர் தாமே வங்கியிடமிருந்து நேராகப் பெறாமல், நிறுவனத்தின் கைவழியாகப் பெற்றமையும் புலனாயிற்று. 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்த பத்துப் பேரில் இருவர் தணிக்கையாளர்கள்.

இந்நிகழ்ச்சியில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. ஏமாற்றப்பட்டது கணினி அறியாத சிற்றூர்க் கடையன்று. உலகுக்கே கணினிப் பணி செய்த நிறுவனம். கருவி இல்லாமையால் விளைந்த கேடு அன்று அது. கருவியின் திறவுகோல் யாரிடம் இருந்தது என்பதை எவரும் கேளாமையால் விளைந்த கேடு.

வடுவை மீட்ட விதி

தாள் இயல்பாகத் தந்த காவலைக் கணினியில் விதியாகப் புகுத்த நெடுங்காலம் பிடித்தது. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுவனக் கணக்கு விதிகள் திருத்தப்பட்டன. கணக்கு மென்பொருள் ஒவ்வொரு நடவடிக்கையையும், அதில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும், மாற்றிய நாளையும் தானே பதிந்துவைக்க வேண்டும். அந்த மாற்றப் பதிவை முடக்க இயலாதவாறு இருக்க வேண்டும் என்பது விதி. நிறுவனங்கள் ஆயத்தமாக இல்லாமையால் இருமுறை ஒத்திவைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த வசதி ஆண்டு முழுவதும் இயங்கியதா, அதில் எவரேனும் கைவைத்தனரா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் எழுதவும் வேண்டும்.

கணக்கப்பிள்ளையின் கோடும் சுருக்கொப்பமும் வேறு உருவில் திரும்பி வந்தன எனலாம். இவ்விதி நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவான நிறுவனங்களுக்கு உரியது. தனிநபர் கடைகளையும் கூட்டாண்மைகளையும் அது கட்டுப்படுத்தாது. ஆயினும் பல கிளைகளும் பல ஊழியரும் உள்ள கடையின் உரிமையாளர், சட்டம் வற்புறுத்தும்வரை காத்திராமல் அந்த வசதியைத் தாமே இயக்கி வைத்தால், அது முதலில் காப்பது அவரையே.

விலைப்பட்டியலில் அரசின் முத்திரை

வளரும் நாடுகளில் மின்னணுக் கணக்கை விரைவுபடுத்தியது பெரும்பாலும் அரசின் வரித்துறையே. கடைகள் இலட்சக்கணக்கில், அவற்றுள் பல பதிவேட்டுக்கே வராதவை, வரி அலுவலரோ சிலர். எல்லாக் கடைகளுக்கும் ஆளனுப்பிச் சரிபார்த்தல் இயலாத செயல். ஆதலின் விலைப்பட்டியல் பிறக்கும் இடத்திலேயே அரசு வந்து நிற்கும் முறை எழுந்தது. தென் அமெரிக்காவில் சிலி நாடு 2003ஆம் ஆண்டிலேயே மின் விலைப்பட்டியலைத் தொடங்கியது. பிரேசில் 2007ஆம் ஆண்டில் கணக்கேடுகளையே மின்னணு வடிவில் அரசுக்கு அளிக்கும் அமைப்பை ஏற்படுத்தியது.

இந்தியாவில் 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. 2020 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம்முள் வணிகம் செய்யும்போது மின் விலைப்பட்டியல் கட்டாயமாயிற்று. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய் ஆயிற்று. விற்பவர் தம் விலைப்பட்டியலை அரசின் தளத்தில் பதிவுசெய்கிறார்; அத்தளம் 64 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாள எண்ணையும் கையொப்பமிட்ட கியூ.ஆர். குறியீட்டையும் தருகிறது. பதிவுசெய்ததை அத்தளத்தில் இரத்துசெய்ய 24 மணி நேரமே அவகாசம். முன் தேதியிட்டு விலைப்பட்டியல் எழுதும் பழைய வழக்கம் இங்கே முன்போல் எளிதன்று.

இதன் மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். வாங்கியபோது செலுத்திய வரியைத் தம் வரியில் கழித்துக்கொள்ளும் உரிமை வணிகர்க்கு உண்டு. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் அந்த விலைப்பட்டியலைத் தம் கணக்கில் காட்டியிருந்தால்தான் வாங்கியவர்க்கு அவ்வுரிமை கிட்டும். பொருளை வாங்கினார், வரியும் சேர்த்துப் பணம் கொடுத்தார், விலைப்பட்டியலும் கையில் உள்ளது. ஆயினும் விற்றவர் சோம்பினால் வாங்கியவர் கைப்பணம் முடங்குகிறது. பெருநிறுவனம் தாமதிக்கும் சிறுவணிகரிடம் கொள்முதலையே நிறுத்திவிடும். சிறுவணிகர் தாமதிக்கும் பெருநிறுவனத்தை என்ன செய்ய இயலும்? ஒருவர் ஒழுங்கு மற்றவர் முதலோடு பிணைந்த இக்காலத்தில், கணக்கைக் காலத்தே முடிப்பது தன் கடையை மட்டும் பற்றிய செயலாக இல்லை. அண்டைக் கடைக்காரர்க்குச் செய்யும் கடமையும் ஆயிற்று.

மேலும், அரசு முத்திரையுள்ள விலைப்பட்டியலும் பொய்யாகலாம். ஏழை மக்களின் அடையாள ஆவணங்களைப் பெற்று, அவர் பெயரில் நிறுவனங்களைப் பதிவுசெய்து, பொருள் எதுவும் நகராமலே விலைப்பட்டியல்களை விற்கும் கூட்டங்களை வரித்துறை மீண்டும் மீண்டும் பிடித்துவருகிறது. விலைப்பட்டியல் எவ்வாறு பதிவாயிற்று என்பதை இயந்திரம் உறுதிசெய்யும். கிடங்கில் மூட்டை இறங்கியதா என்பதை ஒரு மனிதர் சென்று பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

சிறியோர்க்குக் கிடைத்த ஏடு

கென்யாவில் 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கிய எம்-பெசா, வங்கிக் கணக்கே இல்லாத மக்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தி வழியே பணம் அனுப்பும் வசதியைத் தந்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டில் யு.பி.ஐ. வந்தது, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளை அது கடந்தது. இவ்விரண்டையும் பணம் செலுத்தும் வசதியாக மட்டும் காண்பது வழக்கம். கணக்கியல் நோக்கில் அவை வேறொன்றும் செய்தன. வாழ்நாளில் கணக்கே எழுதாத காய்கறிக்காரர்க்கும் தேநீர்க் கடைக்காரர்க்கும், நாளும் நேரமும் இட்ட வரவுப் பதிவு ஒன்று தானாகவே எழுதப்படுகிறது. கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும்போது காட்டுவதற்கு அவரிடம் இப்போது ஒரு சான்று உண்டு.

கூட்டுறவுத் துறையிலும் இம்மாற்றம் நிகழ்கிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உழவர் நகைக்கடனும் பயிர்க்கடனும் பெறும் இடம் அச்சங்கமே. அங்கே கணக்கு ஆண்டுக்கணக்கில் தணிக்கையாகாமல் கிடந்தால், தவறு தெரியவரும்போது தவறிழைத்தவர் ஓய்வுபெற்றிருப்பார்; உழவரின் சேமிப்பு கரைந்திருக்கும். கணக்கு அன்றன்றே மாவட்ட அளவில் காணக்கிடைத்தால் தவறு சிறியதாக உள்ளபோதே கைக்கு அகப்படும்.

இரு அமைப்புகளுக்கு இடைப்பட்ட வெளி

அமைப்புகள் பெருகும்போது அவற்றுக்கு இடைப்பட்ட வெளியும் பெருகுகிறது. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கியில் வெளிப்பட்ட மோசடி இதற்குச் சான்று. மும்பைக் கிளை ஒன்றின் ஊழியர் சிலர், வங்கி பொறுப்பேற்பதாக உரைக்கும் உறுதிமொழிச் செய்திகளை ஸ்விஃப்ட் என்னும் பன்னாட்டுச் செய்தி அமைப்பு வழியே வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பினர். அவ்வமைப்பு வங்கியின் மையக் கணக்கு மென்பொருளோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. ஒன்றில் அனுப்பியதை மற்றொன்றில் ஒருவர் கையால் பதிய வேண்டும், பதியவில்லை. பல்லாயிரம் கோடி ரூபாய்ப் பொறுப்பு வங்கியின் ஏட்டில் ஏறாமலே பல ஆண்டுகள் நின்றது. இரு மென்பொருள்களும் தத்தம் அளவில் பழுதின்றி இயங்கின. இரண்டையும் ஒப்புநோக்கும் கண் இல்லை.

இன்று ஒரு நடுத்தரக் கடையில்கூட விற்பனைக்கு ஒரு மென்பொருள், சரக்கிருப்புக்கு ஒன்று, கணக்கிற்கு ஒன்று, வங்கிக்கு ஒரு செயலி என்று நான்கு உண்டு. இவற்றை மாதந்தோறும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது பழைய காலத்து வங்கிச் சரிக்கட்டும் பட்டியலின் விரிவே. அப்பணியைத் தள்ளிப்போடும் இடத்தில்தான் சிக்கல் குடியேறுகிறது.

தணிக்கையாளரின் புதிய பணி

முன்னாளில் தணிக்கை என்றால் சில மாதங்களைத் தெரிந்தெடுத்து, பற்றுச்சீட்டுகளைப் பதிவுகளோடு ஒப்பிட்டு நிறக்கோல்களால் குறியிடுவது. இலட்சம் பதிவுகளுள் சில நூறே கண்ணில் படும். இன்று இலட்சம் பதிவுகளையும் ஒருசேர ஆராயும் மென்பொருள்கள் உள்ளன. விடுமுறை நாளில் எழுதியவை, ஒரே விலைப்பட்டியலுக்கு இருமுறை பணம் சென்றவை, ஒப்புதல் வரம்புக்குச் சற்றே குறைவாக மீண்டும் மீண்டும் வருபவை ஆகியவற்றை அவை நொடியில் எடுத்துவைக்கும்.

தணிக்கையாளரின் கையொப்பமே போலியாக இடப்படுவதைத் தடுக்க, இந்தியப் பட்டயக் கணக்கர் கழகம் யு.டி.ஐ.என். என்னும் 18 இலக்க அடையாள எண்ணை ஏற்படுத்தியது. 2019 பிப்ரவரி முதல் சான்றிதழ்களுக்கும், அவ்வாண்டு ஜூலைக்குள் எல்லாத் தணிக்கை அறிக்கைகளுக்கும் அது கட்டாயமாயிற்று. வங்கி மேலாளர் அந்த எண்ணைத் தளத்தில் இட்டுப் பார்த்து, அது மெய்யான பட்டயக் கணக்கர் அளித்ததா என உடனே அறியலாம். 2018 அக்டோபரில் அமைந்த தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையம், பட்டியலிட்ட நிறுவனங்கள் முதலியவற்றின் தணிக்கையாளர் கோப்புகளை வரவழைத்து ஆராய்கிறது. தணிக்கையாளரும் தணிக்கைக்கு உட்பட்டவரே.

இயந்திரம் எடுத்துவைத்த பதிவுகளை நோக்கி "இது ஏன்?" என்று கேட்பதும், விடையளிப்பவர் முகத்தையும் சொல்லையும் எடைபோடுவதும், மழுப்பலான விடையை ஏற்காமல் நிற்பதும் மனிதர் பணி. கணக்கியல் பயிலும் இளைஞர் மென்பொருளைக் கற்பது இன்றியமையாதது. கேள்வியைக் கேட்கும் துணிவைக் கற்பது அதனினும் அரிது. அது எந்தத் தளத்திலும் தரவிறக்கம் செய்யக் கிடைப்பதன்று.

அறக்கட்டளையின் கணக்கு

இம்மாற்றங்கள் வணிகத்தோடு நிற்கவில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்கீழ், 2022 ஆகஸ்டில் வந்த 17-ஏஏ விதி, அறக்கட்டளைகள் எந்தெந்த ஏடுகளைப் பேண வேண்டும் என்று விரித்துரைத்து, அவற்றைப் பத்து ஆண்டுகள் காக்கவும் பணித்தது. ரொக்கமாகத் தரும் நன்கொடை 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால் வரிச்சலுகை இல்லை. 2021-22 நிதியாண்டு முதல், வரிச்சலுகைக்குரிய நன்கொடைகளின் விவரத்தை அறக்கட்டளை மின்வழி அறிக்கையாக அளித்தால்தான் கொடையாளர்க்குச் சான்றிதழ் கிடைக்கும் என்றாயிற்று. அறக்கட்டளையின் எழுத்தர் ஒரு எண்ணைத் தவறாகப் பதிந்தால் கொடையாளரின் சலுகை தடைப்படும்.

உண்டியலில் பெயரின்றி இடும் காணிக்கை எக்காலத்தும் உண்டு. அதைத் திறக்கும்போது மூவர் முன்னிலையில் எண்ணி, அன்றே வங்கியில் செலுத்தி, எண்ணியவர் கையொப்பங்களோடு பதிவுசெய்வதற்கு எந்த மென்பொருளும் வேண்டுவதில்லை.

சமண அறநூல்கள் இதனை முன்பே எண்ணியுள்ளன. உமாசுவாதி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தார் வாய்மை விரதத்தில் நேரும் குற்றங்களை எண்ணும்போது, பொய் ஆவணம் எழுதுதலையும், நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருளைக் கவர்தலையும் அவற்றுள் சேர்க்கிறது. களவாமை விரதத்தின் குற்றங்களுள் பொய்யான எடையும் அளவும் இடம்பெறுகின்றன. வாய்மை என்பது நாவோடு நிற்பதன்று. எழுத்தாணிக்கும் தராசுக்கும் அது உரியது என்று அந்நூல் கொண்டது. இன்று அது விசைப்பலகைக்கும் உரியது.

இன்றே தொடங்கத்தக்கவை

நிறைவாக, பெருஞ்செலவின்றி எவரும் செய்யத்தக்க சில செயல்கள் உள்ளன. கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிக் கடவுச்சொல் தருக. ஒரே சொல்லை நால்வர் பகிர்ந்தால் மாற்றியவர் யார் என்பதை எந்தப் பதிவும் சொல்லாது. பணியாளர் விலகும் நாளிலேயே அவர் அனுமதியை நீக்குக. மாற்றப் பதிவு வசதியை இயக்கி வைத்து, மாதம் ஒருமுறை உரிமையாளரே அதைத் திறந்து பார்க்கட்டும். கணக்கின் நகலை வேறோர் இடத்தில் சேமித்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்நகல் திறக்கிறதா என்று சோதிக்கட்டும். வரித்தளத்தின் கடவுச்சொல்லும் கைப்பேசி எண்ணும் ஆலோசகரிடம் மட்டும் இருக்கும் நிலையை மாற்றுக. அத்தளத்தில் ஏறுவது உரிமையாளரின் சொல். அதன் பொறுப்பும் அவருடையதே.

இவற்றோடு, பல்லாண்டு உழைத்த மூத்த கணக்கப்பிள்ளையைக் கணினி வந்ததென்று ஒதுக்கிவிடாதிருப்பது நலம். எந்த வாடிக்கையாளர் எம்மாதத்தில் பணம் தருவார், எந்தச் செலவு வழக்கத்துக்கு மாறானது என்பதை அவர் நினைவு அறியும். இளைஞர் ஒருவரை அவரருகில் அமர்த்தினால் ஒருவர் மென்பொருளைக் கற்பார். மற்றவர் கணக்கைக் கற்பார். வரும் தீபாவளிக்குள் அவ்வாறு இருவர் ஒவ்வொரு கடையிலும் அமர்வாராக.